நிறுத்தத் தெரிந்தவனே ஓட்டத் தெரிந்தவன்

சித்திரை பிறந்தால் நுவரெலியா நகரம் புதுக்கோலம் பூண்டுவிடும். மலர்க் காட்சியும் குதிரைப் பந்தயமும் காணத் தாழ்நிலத்து மக்கள் திரள் திரளாய் மலையேறி வருவர். அவ்விழாக்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது மாகஸ்தோட்டைத் தேயிலை மலையில் நிகழும் மலையேற்றக் கார்ப் பந்தயம். 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய பழமை அதற்குண்டு. ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே மலைமீது காரை ஏற்றி, மிகக் குறைந்த நேரத்தில் உச்சியை எட்டியவரே வென்றவராவர். அக்காலத்தில் துரைமாரின் விளையாட்டாக இருந்த இது இன்று இந்நாட்டு இளைஞர் பலருடைய நெஞ்சைக் கவர்ந்த கலையாய் விளங்குகின்றது.

தமிழ்ப் பண்டிதனுக்கும் கார்ப் பந்தயத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்தது எங்கள் பட்டிப்பொல நிலையம். கடல் மட்டத்துக்கு மேல் 6,200 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் விளைவித்துக் கைப்பொருள் தேடிய வீட்டுப் பிள்ளைகளும், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய தோட்டத்துப் பிள்ளைகளும் இப்போது கார் வாங்குகின்றனர். வாங்கியதும் சைலன்சரை மாற்றுகின்றனர். இரவிலே அம்பேவல வழியில் ஒருவரையொருவர் முந்துகின்றனர். என்னிடம் இலக்கணம் கற்ற மாணவன் ஒருவன் அண்மையிலே வந்து, “ஐயா, பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு ஒரு கார் வாங்கப் போகிறேன். எத்தனை குதிரைவலு இருந்தால் போதும்?” என்றான். “தம்பி, எத்தனை முழத்தில் நிற்கும் என்றல்லவோ நீ முதலிற் கேட்டிருத்தல் வேண்டும்” என்றேன். அவனுக்குச் சொன்னதையே ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

இவ்விளையாட்டின் பேரிலே நம்மவர் கண்ணீர் விட்ட நாளும் உண்டு. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்திலே ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்தது. எழுவர் மாண்டனர், அவருள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அன்று தொட்டு, “இப்பந்தயங்களை அடியோடு ஒழிக்க வேண்டும்” என்பார் பலராயினர். அவர்தம் துயரம் நியாயமானது. ஆயினும் அவர் முடிவை ஏற்க என்னால் இயலவில்லை. தடத்தை மூடிவிட்டால் வேகத்தில் வேட்கை கொண்ட இளைஞன் வீட்டிலே அடங்கி இருப்பானோ? பொதுவீதிக்கே வருவான். பொதுவீதியோ பள்ளிப் பிள்ளைகளும் கொழுந்துக் கூடை சுமந்த தாய்மாரும் நடக்கும் வழி. 2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயாவை அடுத்த ரதெல்லவிலே, பாடசாலை மாணவரை ஏற்றி வந்த பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் எழுவர் உயிர் துறந்தமை நாம் மறக்கத்தக்கதன்று. அது பந்தயத்தால் விளைந்ததன்று. எனினும் நம் மலைச் சரிவுகளில் வண்டி நிற்காவிடில் விளைவது யாது என்பதை அது காட்டிற்று.

தேர் ஓடுமிடம் வேறு, கலம் ஓடுமிடம் வேறு என்பதை வள்ளுவர் இடனறிதல் என்னும் அதிகாரத்தில் உணர்த்துகின்றார். வேகத்துக்கும் அவ்வாறே ஓர் இடம் உண்டு. அவ்விடத்தை ஒழிப்பது அறிவன்று. அதனைச் செம்மை செய்வதும், அங்கே செல்வோன் தன் வண்டியைச் செம்மை செய்து கொண்டு செல்வதுமே அறிவு.

இனி, காரைத் தெரிவு செய்யும் முறை. குதிரைவலு என்னும் எண்ணைக் கண்டு மயங்குவோர் மலைநாட்டுக் காற்றை மறந்துவிடுகின்றனர். பட்டிப்பொலையில் காற்றின் அழுத்தம் கடற்கரையிலே உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் பெற்றோலை எரிக்கக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் வலுவும் குறையும். கொழும்பிலே 100 குதிரைவலு தரும் சாதாரண எஞ்சின் இங்கே ஏறத்தாழ 80தான் தரும். டர்போ பூட்டிய எஞ்சின் காற்றை அழுத்தி உட்செலுத்துவதால் இக்குறையைப் பெரும்பாலும் ஈடு செய்யும். எனினும் அதன் வெப்பத்தைத் தணிப்பதும், அதற்கேற்ற பிரேக்கும் டயரும் தேடுவதும் பெருஞ்செலவு. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையாலும், வரி மிகுதியாலும் பழைய கார்களும் நம் நாட்டிலே பொன் விலை விற்கின்றன. ஆதலின் முதற்காராக எடை குறைந்த சிறு காரையே நான் பரிந்துரைப்பேன். மினி, நிசான் மார்ச், ஃபோர்ட் லேசர் போன்ற சிறு கார்கள் இலங்கைப் பந்தயங்களில் நெடுங்காலம் ஓடி வந்திருக்கின்றன. உதிரிப் பாகம் கிடைக்கும். கராஜிலுள்ள பாஸுக்கும் அவற்றின் உள்ளும் புறமும் தெரியும். சிறு காரிலே ஓட்டக் கற்றவன் பெரிய காரையும் ஆள்வான். பெரிய காரிலே தொடங்கியவனைக் கார் ஆளும்.

வாங்கும்போது வண்ணத்தைப் பாராமல் அடியைப் பார்க்க வேண்டும். ஈரமும் மூடுபனியும் மிக்க நம் மலையிலே இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். சக்கரங்களைத் தாங்கும் பகுதிகள் துருவேறிய கார் எவ்வளவு மலிவாய்க் கிடைப்பினும் அது வேண்டாம்.

வாங்கிய காரிலே முதலிற் பணம் செலவிட வேண்டிய இடம் பிரேக். வேகம் இருமடங்கானால் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். நல்ல உலர்ந்த பாதையில் மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்லும் கார் பிரேக்கை அழுத்திய பின் ஏறத்தாழ 14 மீற்றரில் நிற்குமாயின், 100 கிலோமீற்றரில் செல்லும் கார் நிற்க 56 மீற்றர் வேண்டும். அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கிலே வெப்பமாய் மாறுகின்றது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 என்னும் தரத்து எண்ணெய் புதிதாய் இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது; ஈரம் ஏறிய பின்னரோ 155 பாகையளவிலும் கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அழுந்துமே அன்றி அழுத்தத்தைக் கடத்தாது. மிதித்த கால் தரை வரை போகும், கார் நில்லாது. எங்கள் ஊரிலே நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகச் சுணங்குவதை வீட்டுப் பெண்கள் அறிவர். உயரம் கொதிநிலையைத் தாழ்த்தும் என்னும் அவ்வுண்மை பிரேக் எண்ணெய்க்கும் ஓரளவு பொருந்தும். ஆகவே தடத்துக்குச் செல்லுமுன் புது எண்ணெய் ஊற்றி, குழாயிலுள்ள காற்றை நீக்கி, வெப்பந் தாங்கும் பிரேக் பட்டைகளை இடுக. சில சுற்று விரைந்து ஓடிய பின் ஒரு சுற்று மெல்ல ஓடிப் பிரேக்கை ஆறவிடுக.

அடுத்தது டயர். காருக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள உறவு உள்ளங்கையளவான நான்கு இடங்களில்தான் இருக்கின்றது. ரீபில்ட் செய்த டயரைத் தடத்துக்குக் கொண்டு செல்லுதல் கூடாது. டயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3219 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பூ அழியாதிருப்பினும் வயதேறிய ரப்பர் பிடிக்காது. ஓட ஓட டயர் சூடேறி உள்ளழுத்தம் கூடுமாதலால், குளிர்ந்த நிலையிற் பார்த்ததோடு அமையாமல், ஓடி நின்றவுடனும் அளந்து வேண்டிய அளவுக்குக் குறைத்துக் கொள்ள வேண்டும்.

பிரேக்கும் டயரும் சீரான பின்பே ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும். காரை நிலத்தோடு ஒட்டத் தாழ்த்திவிடுதல் அழகென்று சிலர் கருதுகின்றனர். நம் மேடு பள்ளங்களில் அது சக்கரத்தை நிலத்தினின்றும் எழுப்பிப் பிடியைக் கெடுக்கும். முன்சக்கரங்களின் மேற்பகுதியைச் சிறிதளவு உட்சாய்த்தல், திருப்பத்திலே கார் சரியும்போது டயர் முழுதும் நிலத்திற் படிய உதவும். எதனை மாற்றினும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, ஓட்டிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஐந்தை ஒருங்கே மாற்றியவனுக்கு எதனால் நன்மை, எதனால் தீமை என்று தெரியாது. எஞ்சினுக்கு வலுவேற்றுவது இவையெல்லாம் முடிந்த பின்னர் எண்ணத்தக்கது. முன்னரே செய்வது, வல்லெழுத்து மிகா இடத்திலே வல்லெழுத்தை இட்டது போலாம்.

நிற்க. ஓட்டுவோன் தன் உடலையும் மறத்தலாகாது. தரமான தலைக்கவசமும், உடலை இருக்கையோடு பிணிக்கும் பட்டியும், தீயணைப்பானும் ஆடம்பரப் பொருள்களல்ல. புறப்படுமுன் சக்கர நட்டுகளை முறுக்கிப் பார்த்து, காரினுள்ளே உருளத்தக்க போத்தல், குடை, ஜாக்கி யாவற்றையும் வெளியே எடுத்துவிடல் வேண்டும்.

சைலன்சரைப் பற்றியும் ஒரு சொல். அகநானூற்றின் நான்காம் பாட்டிலே குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் தன் காதலியைக் காண விரைந்து வருகின்றான். விரையும்போதும், பூவில் தேனுண்ணும் வண்டினம் வெருளக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகின்றான். வேகமும் இரக்கமும் ஒரு தேரிலே ஏறி வரலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? லயத்திலே நாளெல்லாம் உழைத்து உறங்கும் மக்களின் நெஞ்சம் அதிர நள்ளிரவிலே குண்டு வெடித்தாற்போல ஒலியெழுப்பிச் செல்லும் இளைஞன் அத்தலைவன் வழியில் வந்தவன் என்று எவ்வாறு சொல்வேன்?

கடமை இளைஞருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டிலே முற்காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலிருந்த பழைய விமான ஓடுபாதையிலே பந்தயங்கள் நடந்தன; பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையிலே தனித்தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரிலும் ஒரு தடம் எழுந்தது. அந்நகரத்தைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் உலகின் முதன்மைப் பந்தயமாகிய போர்முலா 1இல் ஓடிய முதல் இந்தியரானார். இடம் அமைந்ததனால் திறமை வளர்ந்தது. நம் மலைநாட்டிலோ ஆண்டுக்குச் சில நாள் பந்தயம் நிகழும். பயிற்சிக்கு இடமில்லாத இளைஞன் எஞ்சிய நாள்களில் வீதியை நாடுகின்றான். பந்தயம் நடத்துவோர் ஆண்டிற் பலமுறை, குறைந்த கட்டணத்தில், ஆசிரியரோடு கூடிய பயிற்சி நாள்களை நடத்துதல் வேண்டும். வண்டியைச் சோதித்து, பிரேக் குறைவுடையதைத் திருப்பி அனுப்புதல் வேண்டும்.

எல்லாவற்றினும் தலையாயது பார்வையாளர் நிற்குமிடம். தோட்டத்துச் சிறுவர் நல்ல காட்சி கிடைக்கும் திருப்பத்தின் வெளிப்புறத்திலேதான் நிற்பர்; பிடியிழந்த கார் பாய்வதும் அப்பக்கமே. கயிறு கட்டுவது வேலியாகாது. உயர்ந்த மேட்டிலே இடம் ஒதுக்கி, தடத்தோரம் மண்ணணையும் டயர்ச் சுவரும் எழுப்பி, அவை முடியும் வரை முதற் காரைப் புறப்பட விடாத உறுதி நடத்துவோருக்கு வேண்டும். நுழைவுச் சீட்டு வாங்காமல் தேயிலைச் செடிகளிடையே நின்று பார்க்கும் பிள்ளையின் உயிரும், கொழும்பிலிருந்து வந்து கொட்டகையில் அமர்ந்திருப்போர் உயிரும் ஒரே நிறையுடையன. அதனை ஒப்புக்கொண்டு நடக்கும் பந்தயத்துக்கு நானும் என் மாணவனை வாழ்த்தி அனுப்புவேன்.