கேற்றடியில் ஒரு கோபம்

மாணவத் தலைவிச் சின்னம் அணிந்த முதல் வாரத்திலேயே, பிந்தி வந்த ஏழாம் தரத் தங்கை ஒருத்தியை எல்லோர் முன்னிலையிலும் ஏசிவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சப்பாத்தைப் பார்த்தபடி நின்றாள். உண்மையில் எனக்கு அவள் மீது கோபமே இல்லை. முதல் நாள் கிடைத்த இரசாயனவியல் புள்ளி 38. அதை வீட்டில் சொல்லப் பயந்த பயம்தான் அவள் தலையில் கோபமாக விழுந்தது.

தன் உணர்ச்சி இன்னதென்று அறிந்து அதை ஆளும் திறனை மனவெழுச்சி நுண்ணறிவு என்கிறார்கள். 1990இல் பீற்றர் சலோவேயும் ஜோன் மேயரும் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். 1995இல் வெளிவந்த டேனியல் கோல்மனின் நூல் உலகறியச் செய்தது. கோபத்தில் தன்னை அடக்குபவரே பலசாலி என்று நாமும் மத்ரஸாவில் படித்தவர்கள்தாம். கேற்றடியில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஆனால் 'அடக்கு' என்றால் பெண் பிள்ளைகளுக்கு 'வாயை மூடு' என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. நம் மாகாணத்து உதாரணம் ஒன்று. 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் காலமானார். ஒக்டோபர் 10ஆம் திகதி பொதுத் தேர்தல். அவருடைய மனைவி பேரியல் அஷ்ரப் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார், அமைச்சரானார், பின்னர் சிங்கப்பூரில் இலங்கையின் உயர்ஸ்தானிகராகவும் இருந்தார். அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். இடையில் இருந்தது 24 நாட்கள் மட்டுமே என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. அந்தத் துக்கம் 24 நாளில் தீர்ந்திருக்காது. துக்கத்தோடுதான் மேடை ஏறியிருப்பார்.

வாப்பா கடல்தொழில் செய்பவர். வாடைக் காற்று வீசும் மாதங்களில் கடன் எவ்வளவு நெருக்கினாலும் ஆத்திரத்தில் தோணியை இறக்க மாட்டார். உட்துறைமுகக் கரையில் இருந்து வலை பொத்துவார்.

பெற்றோர்கள் கோபிக்க வேண்டாம், இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் உயிரியல் வகுப்பில் "ஏன் டொக்டராக வேண்டும்?" என்று கேட்டால் பாதிப் பேரின் பதில், "வீட்டில ஆசை". என் பதிலும் அதுவே. போக வேண்டிய இடத்தைப் பிறர் சொல்லிப் போகிறவள், பத்துப் பேரை எங்கே கூட்டிப் போவாள்? அந்த 38ஐ ஒருவாறு வாப்பாவிடம் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீ ஆருக்காகப் படிக்கிறாய் மகள்?" என்றார். ஏச்சு வாங்கியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். அந்தக் கேள்விக்கு இன்னும் நான் முழுப் பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தத் தங்கையைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். உம்மா அவிக்கும் இடியப்பத்தைக் கடையில் கொடுத்துவிட்டு வருவதால்தான் பிந்துகிறதாம். "பரவாயில்ல ராத்தா" என்றாள்.

மறுநாளும் பிந்தித்தான் வந்தாள்.