பிரான்ஸைக் காட்டி ஏமாற்றாதீர்கள்

ஒரு நாடு ஒன்றாக நிற்க வேண்டுமென்றால் அதற்கு ஒரே மொழி வேண்டும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். ஆதாரம் கேட்டால் முதலில் வந்து விழுவது பிரான்ஸ். அங்கே எல்லாரும் பிரெஞ்சு பேசினார்களாம், அதனால் ஒரு தேசம் உருவானதாம்.

நடந்தது நேர்மாறு. 1794 ஜூனில் பாதிரியார் கிரெகுவார் புரட்சி அரசின் பேரவையில் ஓர் அறிக்கையைப் படித்தார். அன்றைய மக்கள்தொகை ஏறக்குறைய 2.8 கோடி. அதில் பிரெஞ்சைப் பிழையின்றிப் பேசுகிறவர்கள் 30 லட்சத்தைத் தாண்டமாட்டார்கள், குறைந்தது 60 லட்சம் பேருக்கு அது தெரியவே தெரியாது என்பது அவர் போட்ட கணக்கு. மற்றவர்கள் பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க் என்று அவரவர் வீட்டு மொழியில் வாழ்ந்தார்கள். குடியரசு அமைத்து மன்னனின் தலையையும் வெட்டியாகிவிட்டது. பொதுமொழி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் இவர்கள் சொல்வதில்லை. வடமேற்கில் பிரெத்தாஞ் வட்டாரத்துப் பள்ளிகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டிலும், வகுப்பில் வாய்தவறித் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு பழைய மரச்செருப்பையோ மரத்துண்டையோ கட்டித் தொங்கவிட்டார்கள். அதைக் கழற்ற ஒரே வழி, தாய்மொழி பேசும் இன்னொரு பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுப்பது. மாலை மணி அடிக்கும்போது அது யார் கழுத்தில் கிடக்கிறதோ, அவனுக்குத் தண்டனை. எட்டு வயதுப் பிள்ளை தன் சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கக் கற்றுக்கொண்டதை எந்த மனதோடு தேச ஒற்றுமை என்று அழைப்பது?

தேசங்கள் தேசியத்தைப் பெற்றெடுக்கவில்லை, தேசியம்தான் தேசங்களை உருவாக்கியது என்று தேசியத்தை ஆராய்ந்த அறிஞர் எர்னெஸ்ட் கெல்னர் 1983இல் வாதிட்டார். ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒரே மாதிரி எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள்; அரசுப் பள்ளி அவர்களைத் தயாரித்தது. பழைய இனக்குழு நினைவுகள் இல்லாமல் தேசம் எழும்பாது என்று அதே துறை அறிஞர் அந்தோனி ஸ்மித் மறுத்தது நியாயமான மறுப்பு. ஆனால் அவரும் ஒரே மொழி இருந்தால் போதும் என்று சொல்லவில்லை.

போதாது என்பதற்குச் சோமாலியா சாட்சி. ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே மொழி, ஒரே மதம். 1991இல் அரசே சரிந்தது. அதே ஆண்டு வடக்குப் பகுதி சோமாலிலாந்து என்று தனியே போனது. சுவிட்சர்லாந்தோ 1938இல், ஏற்கெனவே இருந்த மூன்று மொழிகளோடு, மிகச் சிலரே பேசும் ரொமான்ஷையும் வாக்கெடுப்பு நடத்தித் தேசிய மொழியாக்கியது. அதனால் அந்த நாடு உடைந்துவிடவில்லை.

உடைந்த நாடு எது? பாதிக்கு மேற்பட்டோர் வங்காள மொழி பேசிய பாகிஸ்தானில், உருது மட்டுமே அரசமொழி என்று 1948இல் டாக்காவில் ஜின்னா அறிவித்தார். 1952 பிப்ரவரி 21 அன்று அதே ஊரில் இதை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1956இல் வங்காள மொழிக்கும் அரசமொழி இடம் தந்தார்கள். ஆனால் அன்று பட்ட காயம் ஆறவில்லை. வேறு அநீதிகளும் சேர்ந்து 1971இல் நாடு இரண்டாயிற்று. அந்த 1956இல்தான் இலங்கை சிங்களம் மட்டும் சட்டத்தை இயற்றியது. அதற்குத் தமிழர் கொடுத்த விலையை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

மீண்டும் பிரான்ஸுக்கே வருவோம். பிரெத்தாஞ்சில் 1977இல் பெற்றோர்கள் சேர்ந்து திவான் பள்ளிகளைத் தொடங்கினார்கள். மரச்செருப்புக்குப் பயந்து வீட்டில் மறைந்த மொழியை அங்கே பிள்ளைகள் பாட்டும் கணக்குமாக மறுபடி கற்கிறார்கள். அரசுப் பள்ளிகளிலும் அப்படிப் பெரும்பாலும் வட்டார மொழியிலேயே கற்பிக்க வழிசெய்த சட்டப் பிரிவை, அரசமைப்புக்கு முரணானது என்று 2021 மே மாதம் பிரெஞ்சு அரசமைப்பு மன்றம் ரத்து செய்தது.