‘வீரன்சு’ எந்நாட்டு இலக்கணம்?

2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டைப்பந்து வணிகத் தொடர் ஒன்று தொடங்கப்பெற்றது. ஏலத்தில் விலைபோன எட்டுக் குழுக்களுள் ஒன்றுக்குத் திருவள்ளூர் என்னும் ஊர்ப்பெயர் கிட்டிற்று. அக்குழுவின் முழுப்பெயர் ‘வி.பி. திருவள்ளூர் வீரன்சு’. முன்னே இரண்டு ஆங்கில எழுத்து, நடுவே பழந்தமிழ் ஊர், பின்னே ‘வீரன்சு’!

‘வீரன்’ வடசொல் என்பதும், மறவன் என்னும் நற்சொல் இருக்க அதனை நாடியது ஏன் என்பதும் ஒருபுறம் நிற்க. வீரன் என்பது ஆண்பால் ஒருமை. அதன் வாலில் ஒட்டியிருக்கும் ‘சு’ ஆங்கிலப் பன்மை. பலர்பாலைக் காட்ட அர், ஆர், மார் என்று ஈறுகள் தமிழில் வரிசையாய்க் காத்து நிற்க, ஒருவனைப் பிடித்து அவன் முதுகில் அயன்மொழிப் பன்மையை ஏற்றியுள்ளனர். அவன் ஒருவனா, பலனா? எட்டாம் வகுப்பு மாணவன் தேர்வுத்தாளில் இவ்வாறு எழுதின் சிவப்பு மையால் சுழிக்கப்படுவான். கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்பவர் எழுதினால் அது சட்டையில் அச்சேறுகிறது, தொலைக்காட்சியில் முழங்குகிறது, அதே எட்டாம் வகுப்பு மாணவன் அதனைத் தன் கைப்பையில் ஒட்டிக்கொள்கிறான். கேடு இங்குத்தான் தொடங்குகிறது. இலக்கண நூலை ஆசிரியர் நாற்பது நிமையம் கற்பிக்கிறார். விளையாட்டு மூன்று மணிநேரம் கற்பிக்கிறது.

சடுகுடு ஆட்டத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தமிழ்மண்ணின் ஆட்டம் அது. 2017இல் அனைத்திந்தியத் தொடரில் தமிழ்நாட்டுக் குழு ஒன்று புகுந்தபோது அதற்கு இட்ட பெயர் ‘தமிழ் தலைவாசு’. ‘தலைவா’ என்பது விளி. ஒருவனை நோக்கிக் கூப்பிடும் சொல். விளிக்கப் பெற்றவனைப் பன்மையாக்கும் இலக்கணம் உலகில் எம்மொழியிலேனும் உண்டோ? ‘தமிழ்த் தலைவர்’ என்றிருப்பின் எழுத்தும் மிச்சம், மானமும் மிச்சம். வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகாமையைச் சுட்டப் புகின் தாள் போதாது.

மட்டைப்பந்துத் தொடரில் ஒரேயொரு பெயர் பொறுக்கத்தக்கதாய் இருந்தது. ‘காரைக்குடிக் காளை’. ஒருமையாய், வாலின்றி, மண்ணின் விலங்கொன்றைச் சுட்டி நின்றது. அக்குழு பின்னர்த் திருப்பூருக்கு மாற்றப்பெற்றது. மாறியபோது பெற்ற பெயர் என்ன? ‘திருப்பூர் தமிழன்சு’! இருந்த ஒரு நல்ல பெயரையும் தொலைத்து, இனப்பெயருக்கே வால் ஒட்டினர்.

திருவள்ளூர்க் குழுவின் கதைக்கு மீள்க. அது திருவள்ளூரில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2016இல் ஆட்டங்கள் நிகழ்ந்தவை சென்னையிலும் நத்தத்திலும் திருநெல்வேலியிலுமே. சில்லாண்டுகளில் அக்குழு ‘காஞ்சி வீரன்சு’ ஆயிற்று. பிறகு ‘நெல்லை ராயல் கிங்சு’ ஆயிற்று. எவ்வுள் என்னும் பழம்பெயர் திருவொடு புணர்ந்து திருவள்ளூராகத் திரிய எத்தனையோ தலைமுறைகள் சென்றன. அப்பெயரைக் குழு அணிந்து கழற்றுவதற்கு ஓரிரு பருவமே போதியதாயிற்று. சொல்லுக்கு வேரில்லாத இடத்தில் குழுவுக்கும் வேரிருப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனிக் கால்பந்து. 2014இல் தோன்றிய ‘சென்னையின் எப்.சி.’ என்னும் குழுவைச் சிலர் பழிக்கின்றனர்; அப்பழி முழுவதும் முறையன்று. ‘சென்னையின்’ என்பது தமிழே. ‘இன்’ சாரியை நிற்க ஆறாம் வேற்றுமையுருபு தொக்கது என்று கொண்டால் இலக்கணத்துக்கும் இழுக்கில்லை. குறை எங்குள்ளது? ‘சென்னையின்’ என்றவுடன் ‘எது?’ என்று செவி கேட்கிறது. விடையாக வரவேண்டிய பெயர்ச்சொல் இரண்டு ஆங்கில எழுத்துக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. ‘சென்னையின் கால்பந்துக் கழகம்’ என்று விரித்தெழுதியிருப்பின் இந்தியத் தொடரின் பெயர்களுள் அதுவே தலைசிறந்ததாயிருக்கும். 2015இலும் 2018இலும் அக்குழு வாகை சூடியது. வென்ற நாளிலும் அதனைத் தமிழர் வாயில் முழுப்பெயராய் ஒலிக்கச் செய்வார் இல்லை. ‘கழகம்’ என்னும் சொல் குறளின் சூதாட்ட அதிகாரத்தில் ஆடுமிடத்தைக் குறித்தது; கம்பர் காலத்திற்குள் கற்குமிடத்தைக் குறிக்கலாயிற்று. ஆட்டத்திற்கே பிறந்த சொல்லை அரசியலுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆட்டக்காரர் ஆங்கில எழுத்தைத் தேடுவது விந்தையே.

பெயரால் என்ன வந்துவிடப் போகிறது, ஆட்டமன்றோ பெரிது என்பார் உளர். அவர் வங்கத்தைப் பார்க்க. 1889இல் கொல்கத்தாவில் தோன்றிய மோகன் பாகன் குழு, 1911இல் வெறுங்காலொடு ஆடி ஆங்கிலேயப் படைப்பிரிவின் குழுவை வென்று கேடயம் கொண்டது. 2020இல் அக்குழு ஒரு வணிகக் குழுவொடு இணைக்கப்பெற்று, அதன் முன்னே ‘ஏ.டி.கே.’ என்னும் மூன்றெழுத்து ஒட்டப்பெற்றது. அம்மூன்றெழுத்தின் வரலாறு இன்னும் சுவையானது. இசுபானிய நாட்டு மாட்ரிட்டுக் குழுவொன்றின் கூட்டால் வந்த பெயரின் சுருக்கம் அது. கூட்டு முறிந்த பின்னும் எழுத்து மட்டும் எஞ்சி நின்றது. வங்கத்துப் பற்றாளர் அமைதியாயிருக்கவில்லை. ‘அவ்வெழுத்தை நீக்குக’ என்று அரங்கிலும் தெருவிலும் மூன்றாண்டுகள் முழங்கினர். 2023 மார்ச்சுத் திங்களில் குழு கோப்பையை வென்ற அன்றே உரிமையாளர் அவ்வெழுத்தை நீக்குவதாய் அறிவித்தார். அதன் பின்னும் ‘சூப்பர் சயண்டு’ என்று வேறொரு வால் ஒட்டிக்கொண்டது என்பது வேறு. மோகன் பாகன் என்பதில் அரிமாவும் இல்லை, வல்லரசனும் இல்லை. அது ஒரு தோட்டத்தின் பெயர். ஒரு தோட்டத்தின் பெயருக்காக மக்கள் மூன்றாண்டு போராடினர். தமிழர் தம் இனப்பெயர் ‘தமிழன்சு’ ஆனபோது கைதட்டினர்.

வல்லாட்சியர்க்குப் பெயரின் ஆற்றல் நன்கு தெரியும். இசுபானியாவில் பிராங்கோ ஆட்சி 1941இல் பார்சிலோனாக் குழுவின் ஆங்கில முறைப்பெயரை மாற்றியது. சொற்கள் அவையே, அடுக்கும் முறை மட்டும் ஆங்கில வழக்கிலிருந்து இசுபானிய வழக்குக்கு ஆயிற்று. அதனையும் விட்டுவைக்க மனமில்லை அவ்வாட்சிக்கு! 1970களில்தான் பழம்பெயர் மீண்டது. அதே 1941இல் பாசுக்கு நாட்டுப் பில்பாவோக் குழுவின் ‘அத்லெட்டிக்கு’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘அத்லெட்டிக்கோ’ என்று இசுபானியமாக்கப்பெற்றது. அதுவும் 1970களில் மீண்டது. இங்கு ஒருவர் குறுக்கிட்டு, ‘பாசுக்கு மக்களே ஆங்கிலச் சொல்லைத்தானே மீட்டுக்கொண்டனர்? தமிழர்க்கு மட்டும் ஏன் ஆங்கிலம் ஆகாது?’ என வினவலாம். வினா கூரியது, விடையும் உண்டு. ஆங்கிலேயத் தொழிலாளரொடு ஆடிக் கற்ற ஆட்டத்தின் பெயராய் 1898 முதல் நாற்பதாண்டு தம் வாயில் வழங்கிய சொல்லை, மேலிருந்து வந்த ஆணை பறித்தபோது அவர்கள் மீட்டனர். மக்கள் வழங்கிய சொல் அது. ‘சூப்பர் கிங்சு’ அவ்வாறு எவர் வாயிலும் வழங்கிப் பிறந்ததன்று, மேலிருந்து இறக்கப்பெற்றது. பில்பாவோ மக்கள் எதனை எதிர்த்தனரோ அதனையே தமிழர் வரவேற்கின்றனர்.

ஈழத்திலும் இவ்விரு வழியும் உள. 2020இல் இலங்கை மட்டைப்பந்துத் தொடரில் யாழ்ப்பாணத்துக் குழு ‘சுடாலியன்சு’ எனப்பட்டது; மறு ஆண்டே ‘கிங்சு’ ஆயிற்று. 2012இல் புலம்பெயர்ந்த இளைஞர் திரட்டிய கால்பந்துக் குழுவோ குருதித்தானில் நடந்த, நாடற்றோர்க்கான உலகப் போட்டியில் ‘தமிழீழம்’ என்னும் ஒரே சொல்லைத் தாங்கி ஆடியது. முன்னையதற்குப் பணமிருந்தது.

இனி, நாளைக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கால்பந்துக் குழு எழுவதாகக் கொள்வோம். தொழிற்பேட்டை இருக்கிறது, பணிமுடித்து வரும் இளைஞர் இருக்கின்றனர், வடசென்னையின் கால்பந்துப் பித்து எண்ணூர் கடந்து வரத் தொலைவுமில்லை. முதலீட்டாளர் ஒருவர் வருவார். உடன் விளம்பர நிறுவனத்தார் வருவர். ‘கும்மிடி டைகர்சு’ என்பர். ‘திருவள்ளூர் தண்டர்சு’ என்பர். தமிழன்பர் கேட்கப்பெற்றால் என்ன சொல்வர்? இங்குத் தமிழன்பரிடத்தும் ஒரு குறையுண்டு. எதற்கும் சேரன், சோழன், பாண்டியன் என்று மூன்று பெயரையே நீட்டுவது வழக்கமாய்விட்டது. ‘திருவள்ளூர்ச் சோழர்’ என்பது ஆங்கிலப் பெயரைவிடச் சற்றே நன்று, அவ்வளவே. தொண்டைநாட்டுக்குத் தன் பெயர்கள் இல்லையா? புழற்கோட்டம், ஈக்காட்டுக் கோட்டம் என நாட்டுப் பிரிவுகளே எத்தனை! ‘புழல்’ என்பது எத்துணை அழகிய ஒலி. செங்குன்றத்தை ‘ரெட்கில்சு’ என்றும் பழவேற்காட்டைப் ‘புலிக்காட்டு’ என்றும் வழங்கிக் கெடுத்தது போதாதென்றுதான் புதுப்பெயர் தேடுகின்றனர்.

கடலை நினைந்தால் திரையர் எனலாம். இளந்திரையன் ஆண்ட நாடு. பழவேற்காட்டு ஏரிக்கு ஆண்டுதோறும் வரும் பூநாரையைக் கொடியில் பொறிக்கலாம். நெடுங்காலும் செஞ்சிறகும் உடைய பறவை. கால்பந்துக்கு அதனினும் ஏற்ற சின்னம் எங்குளது? தமிழ்நாட்டுக் காட்டில் இல்லாத அரிமாவைக் காட்டிலும் அது நூறுமடங்கு மேல்.

எனினும் கும்மிடிப்பூண்டிக்கு உரிய பெயர் அதன் தொழிலிலிருந்தே பிறத்தல் வேண்டும். இங்கிலாந்தில் வூலிச்சுப் படைக்கலச் சாலைத் தொழிலாளர் 1886இல் தொடங்கிய குழு இன்றளவும் ‘படைக்கலச் சாலை’ என்னும் பொருளுடைய பெயரையே தாங்குகிறது. தேம்சு இரும்பாலைத் தொழிலாளர் 1895இல் கண்ட குழு, 1900இல் ஊர்ப்பெயர் ஏற்ற பின்னும், சுத்தியலைச் சின்னமாய்க் கொண்டு இரும்பர் என்றே கூவப்படுகிறது. உலகமெலாம் அறிந்த பெயர்கள் இவை. விளம்பர நிறுவனத்தார் எவரும் இட்டவையல்ல. கும்மிடிப்பூண்டியில் இரும்புருக்கும் உலைகள் இரவும் பகலும் எரிகின்றன. அத்தொழிலாளர்க்கு ‘உலைக்களம்’ என்னும் சொல் ஆயத்தமாய் இருக்கிறது. உலையும் அதிலுண்டு, ஆடுகளமும் அதிலுண்டு. வாலில்லை, ஒருமை பன்மைக் குழப்பமில்லை, சாதிப்பெயரில்லை.

இப்பெயருக்குப் புறநானூற்றில் அடித்தளமும் உண்டு. அதியமானின் தூதாய் ஔவையார் தொண்டைமானிடம் சென்றபோது அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசிப் பளபளத்தன அவன் வேல்கள். ஔவையார் அவற்றைப் புகழ்வது போலப் புகழ்ந்து, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். காவலில் கிடக்கும் கருவிக்கன்று, உலைக்குத் திரும்பும் கருவிக்கே பெருமை. தொண்டைநாட்டு மன்னன் அன்று பெற்ற குத்தலுக்குத் தொண்டைநாட்டுத் தொழிலாளர் இன்று உலைக்களத்தின் பெயரால் விடை இறுக்கலாம். ஆங்கிலேயர் படைக்கலச் சாலையோடு நின்றனர். ஔவையார் கண்ணில் அதனினும் உயர்ந்தது கொல்லன் களம்.

கொற்றலையாற்றின் கரையில் அத்திரம்பாக்கத்தில் 1863இல் புரூசு பூட்டு கண்டெடுத்த கற்கருவிகள், பதினைந்து இலக்கம் ஆண்டுப் பழைமையுடையன என 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கருவி செய்தல் இம்மாவட்டத்திற்கு நேற்று வந்த தொழிலன்று.

ஆலைகளில் ஒடியரும் பீகாரியரும் அசாமியரும் பணி செய்கின்றனரே, அவர்க்கு இப்பெயர் விளங்குமா என்பது வணிகர் கிளப்பும் கடைசித் தடை. சென்னையிலிருந்து கொல்கத்தா சென்றவன் மோகன் பாகன் என்று அப்படியே சொல்கிறான். பொருள் தெரியாமையால் அவனுக்கு ஆட்டம் குறைந்ததில்லை. மேலும், உலையின் வெம்மையை நாளும் தாங்கும் ஒடியத் தோழனுக்கு அச்சொல்லின் பொருளைச் சென்னை விளம்பர நிறுவனத்தார்க்குச் சொல்வதினும் விரைவில் சொல்லிவிடலாம்.

சட்டை இரும்பின் கருமையும் தீயின் செம்மையுமாய் இருக்கட்டும். மார்பில் பெயர் தமிழெழுத்தில் இருக்கட்டும். அரங்கின் எண்பலகையில் குழுப்பெயருக்கு மூன்றெழுத்துக்கே இடமுண்டு என்பர். ‘உலை’ என்பது இரண்டே எழுத்து.