தேர்ச்சி விழுக்காடும் நம் பிள்ளைகளும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் பள்ளி வாயில்களில் விளம்பரத் தட்டிகள் எழுகின்றன. ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்பதைக் கண்டு பெற்றோர் மகிழ்கின்றனர். அந்த நூறு எவ்வாறு வந்தது எனக் கேட்போர் சிலரே.

தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்த இரு வழிகள் உண்டு. பின்தங்கிய மாணவனைக் கைதூக்கி விடுவது ஒன்று. அவன் தேர்வெழுதுமுன்பே மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் விழுக்காடு உயரும், பிள்ளை வீழ்வான்.

முதல் வழி அவ்வளவு கடினமானதா? தமிழகப் பாடத்திட்டத்தின் கணினி அறிவியலையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 மதிப்பெண்கள்: எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு 35 வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 பெற்றாக வேண்டும். தவறாமல் வகுப்புக்கு வந்து, செய்முறைப் பயிற்சிகளைச் செய்து, ஒப்படைப்புகளை உரிய காலத்தில் முடிக்கும் மாணவன், பின்னிரு பகுதிகளின் 30இல் 20ஐ எளிதில் பெறுவான். பின்னர் எழுத்துத் தேர்வில் 15 எடுத்தாலே கரையேறிவிடலாம்.

இருந்தும் சிலர் தவறுகின்றனர். நிரல்களைச் செய்யுள்போல் மனப்பாடம் செய்வது முக்கியக் காரணம். 2019-20 கல்வியாண்டில் வந்த புதிய பாடநூல் பைத்தான் மொழியைக் கற்பிக்கிறது. அம்மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி பிசகினாலும் நிரல் இயங்காது. ‘ரேஞ்ச்’ என்பதில் 1, 6 எனக் கொடுத்தால் எண்ணிக்கை 5உடன் நின்றுவிடும். இவற்றை மனப்பாடம் உணர்த்தாது; தானே எழுதி, பிழை கண்டு, திருத்தியவனுக்கே விளங்கும்.

கணினி போதவில்லை என்பது பல பள்ளிகளின் குறை. உண்மைதான். எனினும் தாளும் பென்சிலும் போதுமான பயிற்சி ஒன்றுண்டு. 1 முதல் 5 வரை கூட்டும் நிரலில் ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுத்தொகை என்னவாகிறது என அட்டவணையிட்டு எழுதச் சொல்லலாம்: 1, 3, 6, 10, 15. இப்படிப் பத்து நிரல்களைத் தொடர்ந்து பார்த்த மாணவன் பதினொன்றாவதைத் தானே எழுதுவான். ஆய்வகத்திலும் இருவருக்கு ஒரு கணினி என்றால், ஒருவர் தட்டச்சிட மற்றவர் பிழை பார்க்கலாம். மறுநாள் இடம் மாறலாம்.

இல்லத்தாருக்கும் பங்குண்டு. தந்தை வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய கணினி, பல வீடுகளில் மகனின் அறையிலேயே தங்கிவிடுகிறது. அதே பாடத்தைப் படிக்கும் மகளுக்கோ, சமையலறை வேலை முடிந்து அண்ணனும் எழுந்த பிறகே அது கிட்டுகிறது. இருவருக்கும் தேர்வு ஒன்றே, வினாத்தாளும் ஒன்றே. எனவே நேரத்தையும் சமமாகப் பகிர்ந்து கொடுங்கள். தாய்மார்களே, உங்களுக்குக் கணினி தெரியாமல் இருக்கலாம். “இந்த வரி என்ன செய்கிறது, சொல் பார்க்கலாம்” என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்த பிள்ளை, தேர்வுத் தாளிலும் எழுதிவிடும்.

அடுத்த முறை பள்ளியில் சேர்க்கைப் படிவம் வாங்கும்போது, எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்பதோடு நின்றுவிடாதீர்கள். பதினோராம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களுள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதியவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பள்ளியின் உண்மைத் தேர்ச்சி அந்த விடையில் தெரிந்துவிடும்.