விலகிப் போனவளுக்குக் கைதட்டாதீர்கள்



போன வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர் ஒரு பழைய ஜப்பானியப் பாட்டை அனுப்பியிருந்தார். தெரசா டெங் பாடிய ‘கூகோ’. கூகோ என்றால் விமான நிலையம். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: “இதல்லவோ பெண்மை! இந்தக் காலத்தில் எங்கே காண்பது?” உடனே பன்னிரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். நான் போடவில்லை. “என்ன சார், பாட்டு பிடிக்கலையா?” என்று நண்பர் கேட்டார். அவருக்கான பதில் இது.

பாட்டு எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. பேத்தி தேடிக் கொடுத்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு நாலைந்து முறை கேட்டேன். 1974 ஜூலையில் வந்த பாட்டு. தைவானிலிருந்து வந்த டெங்குக்கு அப்போது 21 வயது. ஜப்பானில் அவருடைய முதல் இசைத்தட்டு ஓடவில்லை. இந்த இரண்டாவது தட்டுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. அந்த ஆண்டே புதுமுகப் பாடகருக்கான விருதும் கிடைத்தது. இசை இனொமாத்தா கோஷோ, வரிகள் யமகாமி மிச்சியோ. இருவரும் ஆண்கள். இதை நினைவில் வையுங்கள்.

கதை இதுதான். மழை பெய்யும் விமான நிலையம். ஒரு பெண் புறப்படுகிறாள். ஏதோ நாலு நாள் தனியாக ஊர் சுற்றிவிட்டு வரப் போகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவள் திரும்பப் போவதில்லை. அவனுக்காக வீட்டில் சத்தமில்லாமல் காத்திருக்கும் இன்னொருத்தி இருக்கிறாள். ‘அவளிடமே போய்விடு’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு இவள் விலகிக்கொள்கிறாள்.

குமாஸ்தாவாக இருந்தவன் நான். வரவு செலவு பார்க்காமல் இருக்க முடியாது. இந்தக் கணக்கில் மூன்று பேர். புறப்பட்டுப் போனவள் எல்லாவற்றையும் இழந்தாள். வீட்டில் இருப்பவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு என்ன நஷ்டம்? தான் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது என்பதுகூட அவனுக்குத் தெரியாது. இரண்டு பெண்களின் மௌனத்தில் ஓர் ஆண் சௌகரியமாக இருக்கிறான். இதற்குப் பெயர் பெண்மையா?

டெங்குக்கு இந்த வேஷம் ஒரு முறையோடு முடியவில்லை. 1984இல் ‘த்சுகுனாய்’, அதாவது பிராயச்சித்தம். 1985இல் ‘ஐஜின்’. சுற்றி வளைக்காமல் சொன்னால் வைப்பாட்டி. இரண்டுக்கும் வரிகள் அராக்கி தொயோஹிசா, அவரும் ஆண்தான். இரண்டாம் இடத்தில் இருப்பவளே பிராயச்சித்தமும் செய்ய வேண்டும். பாவம் யாருடையது என்று மட்டும் கேட்கக் கூடாது.

“பாட்டு பாட்டுதானே சார், அழுதுவிட்டுப் போகலாமே” என்பீர்கள். அழுங்கள், நானும் அழுகிறேன். எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத் தலைமுறைக்கு விமான நிலையப் பாட்டென்றால் பாரிசின் ஓர்லிதான். 1963இல் ழில்பேர் பெக்கோ அங்கே ஞாயிற்றுக்கிழமை விமானம் வேடிக்கை பார்ப்பதைக் குதூகலமாகப் பாடினார். 1977இல் ழாக் ப்ரெல் அதே இடத்தில் இரண்டு பேர் பிரிவதைப் பாடினார். போகிறவன் போய்விடுகிறான், நின்றுவிட்ட பெண்ணை விட்டுப் பாடகரின் கண் அகலவில்லை. அங்கே துக்கம் துக்கமாகவே இருக்கிறது. ‘ஆகா, என்ன உத்தமி’ என்று நம்மைக் கைதட்டச் சொல்லவில்லை. என் சண்டை கண்ணீரோடு இல்லை, அந்தக் கைதட்டலோடு.

இன்னொன்று. பாட்டில் வரும் விமான நிலையத்தில் காகிதம் கேட்கும் அதிகாரி கிடையாது. ஆனால் 1972இலேயே ஜப்பான் தைவானோடு அரசு உறவை முறித்துக்கொண்டிருந்தது. 1974 ஏப்ரலில் இரு நாட்டு நிறுவனங்களின் நேரடி விமானமே நின்றுபோனது. அடுத்த ஆண்டுதான் திரும்ப ஓடியது. விமானம் நின்றிருந்த அந்த இடைவெளியில்தான் ஒரு தைவான் பெண்ணின் ‘விமான நிலையம்’ ஜப்பான் முழுக்க ஒலித்தது! 1979இல் இந்தோனேசியப் பாஸ்போர்ட்டில் உள்ளே வந்தார் என்று டெங்கைப் பிடித்து வெளியேற்றினார்கள், ஓராண்டு தடை. பாட்டில் அழகாக விலகிப் போனவளை நிஜத்தில் காகிதம் விரட்டியது. 1995இல் தாய்லாந்தின் சியாங் மாயில் ஆஸ்துமாவால் இறந்தார். வயது 42.

காகிதம் என்றதும் என் பழைய மேஜை நினைவுக்கு வருகிறது.

எண்பதுகளில் நான் குடும்ப ஓய்வூதிய ஃபைல்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பெண் ஏழெட்டு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இறந்துபோன ஊழியரின் பெயரைச் சொன்னாள். அவருடைய சட்டப்படியான மனைவி முன் வாரமே மனு கொடுத்திருந்தார். “விதியில இடமில்லைம்மா” என்றேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “சரிங்க ஐயா. அந்த அம்மா கஷ்டப்படாம இருந்தா போதும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அன்று மத்தியானம் சாப்பிடும்போது நான் சக ஊழியர்களிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “என்ன பெருந்தன்மையான பொம்பளை!”

நான் சொன்னது பாதி விதிதான். அவளுக்கு இடமில்லை, சரி. அந்தப் பையனுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. திருமணம் செல்லாததாக இருந்தாலும் பிள்ளை முறையான பிள்ளையே என்று 1976லேயே இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எனக்குத் தெரியாததல்ல. அவள் சண்டை போட்டிருந்தால் புத்தகத்தைப் புரட்டியிருப்பேன். அமைதியாகப் போனதால் ஃபைலை மூடினேன். அவளுடைய மௌனம் எனக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தியது. அதற்குத்தான் பெருந்தன்மை என்று பெயர் வைத்தேன்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதைத் தொடும் வயது இருக்கும். அவள் பெயர்கூட எனக்கு நினைவில்லை. ஃபைலில் ஏறாத பெயர்.

ஆகவே நண்பரே, பாட்டைக் கேளுங்கள். டெங்கின் குரலுக்கு எத்தனை கும்பிடு வேண்டுமானாலும் போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் ஒருத்தி சத்தமில்லாமல் விலகிப் போனால், அதில் யாருக்கு லாபம் என்று பார்த்துவிட்டு அப்புறம் கைதட்டுங்கள்.