எஞ்சிய முக்கால்

சித்திரை பிறந்து சில நாள்களில் ஆண்டுத் தேர்வுகள் முடிவடைகின்றன. பள்ளிக் கதவுகள் அடைபடுகின்றன. சூன் திங்களில் அவை மீண்டும் திறக்கும் வரை மாணவர்க்கு ஓய்வு. கத்திரி வெயில் காயும் அந்நாள்களில் ஐம்பது பிள்ளைகள் ஓர் அறையில் அமர்ந்து பாடம் கேட்டல் அரிது. ஆதலின் இவ்விடுமுறை வேண்டத்தக்கதே. ஆயினும், விடுமுறை விட்ட பத்தாம் நாளே பெற்றோர் உள்ளத்தில் ஒரு கவலை தோன்றுகிறது. படித்தவற்றையெல்லாம் பிள்ளை மறந்துவிடுவானோ, அடுத்த வகுப்பில் பின்தங்கிவிடுவானோ என்று அவர்கள் எண்ணுகின்றனர். அக்கவலை பொய்யன்று. அதற்கு அவர்கள் தேடும் மருந்துதான் பொருந்தாதது என்பது என் கருத்து.

அம்மருந்து யாது? எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளையை மே திங்களிலேயே ஒன்பதாம் வகுப்புப் பாடங்களுக்காகத் தனிப்பயிற்சிக்கு அனுப்புதல். முன்னரே படித்தால் முந்தலாம் என்பது அவர்தம் எண்ணம். மாணவர்களே, இதனைச் சிறிது ஆராய்ந்து பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் யாப்பிலக்கணம் பயிலும் ஒருவன் செய்யுளைச் சீர்பிரித்து அசைகாண வேண்டும். குறில் எது, நெடில் எது, ஒற்று எது என்று ஐயமின்றி அறிந்தவனே நேரசையையும் நிரையசையையும் பிரித்தறிவான். அவ்வெழுத்தறிவு கீழ் வகுப்புகளிற் கற்றது. அது தளர்ந்திருக்குமாயின், யாப்புப் பாடத்தை மே திங்களில் ஒருமுறையும் சூலைத் திங்களில் மறுமுறையும் கேட்டாலும் பயன் இராது. பின்னங்களைப் பெருக்கத் தடுமாறுவோன் இயற்கணிதத்தில் தடுமாறுவதும் இவ்வாறே. புதிய பாடம் பழைய பாடத்தின்மேல் நிற்பது. அடித்தளத்தைப் பாராமல் மேல்மாடிக்குச் சுவர் எழுப்பும் கொற்றர் எவரேனும் உளரோ? மேலும், அரைகுறையாக முன்னரே கேட்டவன் வகுப்பில் ஆசிரியர் அதனை விளக்கும்போது, "இஃது எனக்குத் தெரிந்ததே" என்று செவியை மூடிக்கொள்கிறான். தெரியாதவனுக்குள்ள ஆவலும் அவனுக்கு இல்லை. தெரிந்தவனுக்குள்ள தெளிவும் இல்லை.

அவ்வாறாயின் விடுமுறையிற் செய்யத்தக்கது யாது? இதற்கு விடை கூறுவது புதிய நூல் அன்று; நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கண நூலின் பாயிரப் பகுதியில் மாணாக்கன் கல்வி பெறும் முறை கூறப்படுகிறது. ஆசிரியர் உரைத்ததை ஒருவன் நன்றாக மனத்திற் கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கல்வியின் காற்பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் கிடைக்கிறது. எஞ்சிய இரண்டு கால், அதாவது சரிபாதி, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருகிறது. பவணந்தியார் கருத்து இதுவே. இக்கணக்கை எண்ணி எண்ணி யான் வியந்ததுண்டு. ஆசிரியர் ஆண்டு முழுவதும் தொண்டை வறளக் கற்பித்தும் அவர் பங்கு காலே! முக்காற் பங்கு மாணாக்கன் கையில் இருக்கிறது. பள்ளி நடக்கும் நாள்களில் அம்முக்காலை ஈட்ட அவனுக்குப் பொழுது ஏது? மணி அடித்தால் ஒரு பாடம், மறுமணி அடித்தால் மறு பாடம். கோடை விடுமுறையே அதற்கு வாய்த்த காலம்.

மறதி எவ்வாறு நிகழ்கிறது என்பதை மேலைநாட்டார் அளந்து பார்த்துள்ளனர். எபிங்காசு என்னும் செருமானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்துணைக் காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டு 1885ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்றும், மறந்ததை மீளக் கற்பதற்கு முதன்முறை கற்றதினும் குறைந்த நேரமே தேவை என்றும் அவர் கண்டார். அமெரிக்க நாட்டு ஆய்வாளர்கள் கோடை விடுமுறையைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் ஒரு முடிவு கூறினர். சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு மாணவர் பின்னடைகின்றனர் என்பதும், அப்பின்னடைவு கணக்கிடுதலிலும் எழுத்துப் பிழையின்றி எழுதுதலிலும் மிகுதி என்பதும் அம்முடிவு. இவ்விரண்டும் கையும் மனமும் நாள்தோறும் பழக வேண்டிய தொழில்கள். பழக்கம் விட்டால் துருப்பிடிக்கும். சிறிது தேய்த்தால் மீண்டும் ஒளிரும். ஆதலின், விடுமுறையில் நாள்தோறும் ஒரு மணி நேரம் போதும் என்பேன். அவ்வொரு மணி நேரத்தையும் வெயில் ஏறுமுன் காலையில் வைத்துக்கொள்க.

அந்த ஒரு மணி நேரத்தில் முதலிடம் தம்பிக்கும் தங்கைக்கும் உரியது. நீங்கள் ஏழாம் வகுப்பு முடித்தவராயின், மூன்றாம் வகுப்பு முடித்த தங்கையை அருகில் இருத்திக் கழித்தற் கணக்கைக் கற்பியுங்கள். பத்தின் இடத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்குவது ஏன் என்று அவள் கேட்பாள். "அப்படித்தான் செய்ய வேண்டும்" என்று கூறித் தப்ப முடியாது, மீண்டும் கேட்பாள். அதற்கு விடை தேடும்போதுதான் அதுவரை காரணம் அறியாமல் கணக்குப் போட்டு வந்தது உங்களுக்கே புலனாகும். சரிபாதி என்று நன்னூலார் கூறியது இதனையே.

இம்முறைக்குத் தமிழ்நாட்டில் நெடிய வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இளையவர்க்கு முறை சொல்லிக் கொடுப்பான். அவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவர். முந்திரி, காணி, மா முதலிய சிற்றெண்களின் வாய்பாடுகள் இவ்வாறே தலைமுறை தலைமுறையாக நாவேறின. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு! அதனைச் சிறுவர் மனத்தாற் கணக்கிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டே இளையவர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அஃது இங்கிலாந்துப் பள்ளிகளிற் பரவியது. நம் திண்ணையிலிருந்து கடல் கடந்து சென்ற வழக்கம், நம் வீட்டுக் கூடத்தில் ஏன் நிகழலாகாது?

அடுத்தது வாய்விட்டுப் படித்தல். வீட்டில் பாட்டியோ பாட்டனாரோ இருப்பின் நாளிதழில் ஒரு பத்தியை அவர்கள் கேட்கப் படியுங்கள். லகர, ளகர, ழகரங்கள் தம்முள் மயங்காமலும், ரகர றகர வேறுபாடு தெரியவும் படியுங்கள். கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே எங்கே நிறுத்த வேண்டும் என்பது விளங்கிவிடும். காலாண்டுத் தேர்வில் யான் திருத்திய எழுத்துப் பிழைகளில் பெரும்பாலன நாவிற் பிறந்து கைக்கு வந்தவையே. கணக்குக்குக் கடைத்தெரு உண்டு. கத்தரிக்காய் ஒரு கிலோ 48 ரூபாயாயின் 350 கிராமுக்கு எவ்வளவு என்று, கடைக்காரர் கருவியைத் தட்டுமுன் மனத்தால் கணக்கிடுங்கள். 16 ரூபாய் 80 காசு என்னும் விடை வரும் வரை அவர் காத்திரார் என்பதும் நல்லதே. எழுதிப் பழகுவதற்குப் புதிய குறிப்பேடு வேண்டா; சென்ற ஆண்டுக் குறிப்பேடுகளில் எழுதாது விட்ட தாள்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு கோடைக்குப் போதும்.

நூலகத்தைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். விடுதலைக்குப் பின்னர் இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது அந்நாளைய சென்னை மாகாணமே, ஆண்டு 1948. மாவட்டத் தலைநகர்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் ஊர்ப்புற நூலகங்கள் அதன் பயனாக எழுந்தன. மேலே கூறிய அமெரிக்க ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. கோடையில் படிப்புத் திறன் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறையவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கே குறைந்தது. வீட்டில் புத்தகம் இல்லாமையும் இதற்கொரு காரணம் அன்றோ? அக்குறையை நீக்கும் இடம் நூலகம். பாடநூல் அல்லாத புத்தகம் ஒன்றைத் தாமே தேர்ந்தெடுத்துப் படிக்கும் உரிமை பிள்ளைக்கு வேண்டும். கதைப் புத்தகமாயினும் குற்றமில்லை.

இவற்றைக் கூறுவதால் விளையாட்டை வேண்டாமென்பதாகக் கருத வேண்டா. மாலையில் ஓடியாடாத பிள்ளைக்கு மறுநாட் காலையில் மனம் பாடத்தில் நில்லாது. நண்பகலில் நிழலில் இருந்து ஆடுதற்குப் பல்லாங்குழி போன்ற ஆட்டம் பிறிதில்லை. பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்தாக இட்டால் எழுபது காய்கள். எக்குழியில் எடுத்தால் எங்கே சென்று முடியும் என்று எண்ணிப் பார்த்து ஆடும் சிறுமி, தான் கணக்குப் படிப்பதை அறியாமலே படிக்கிறாள்.

இதுகாறும் கூறியவை, கோடையில் ஒரு மணி நேரமேனும் தனக்கென உடைய பிள்ளைக்குப் பொருந்தும். அது கிடையாத பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உள்ளனர். விடுமுறை விட்டதும் தண்ணீர் சுமத்தலும் சமையலும் கைக்குழந்தையைப் பார்த்தலும் தம் தலையில் விழும் பெண்கள் பலர். பட்டறையிலும் உணவுக்கடையிலும் ஒரு மாதத்திற்கென்று சேரும் சிறுவர் சிலர். 1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பெற்று, 14 வயது நிரம்பாத பிள்ளையை எத்தொழிலிலும் கூலிக்கு அமர்த்தலாகாது என்று விதிக்கிறது. தீங்கு பயவாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் உதவுதற்கு அஃது இடந்தருகிறது. தந்தையின் கடையில் மகன் நிறுத்துக் கொடுப்பதை யான் குறை கூறேன். அதுவும் ஒரு கல்வி. ஆனால், ஒரு மாதத்திற்கென்று வெளியே வேலைக்குப் போனவன் கையில் சிறிது பணம் வருகிறது. வீட்டிலும் அப்பணத்திற்கு ஒரு செலவு ஏற்பட்டுவிடுகிறது. சூன் திங்களில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் அழைத்தால் விடை வாராத இடம் ஒன்றிரண்டு ஆண்டுதோறும் இருக்கும். இப்பாடத்தில் யான் மிகவும் அஞ்சுவது மறதியை அன்று, இவ்வெற்றிடத்தை.

நெடிய விடுமுறை யாது செய்யும் என்பதை நாடு அண்மையில் கண்டது. பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சுத் திங்களில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறக்கப்பட்டன. அவ்விடைவெளியை ஈடுசெய்ய அவ்வாண்டிலேயே 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் தொடங்கப்பெற்று, தன்னார்வலர் மாலை வேளைகளில் தத்தம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தனர். எழுத்தறிந்தவர் ஒருவர், அமர ஓரிடம், சூழ நான்கு பிள்ளைகள் இருந்தால் பள்ளி மூடிய காலத்தும் படிப்பு நடக்கும் என்பதை அது காட்டியது. அந்த நால்வரில் ஒருவன் வேலைக்குப் போகும் பிள்ளையாயின், அவன் திரும்பி வரும் மாலை நேரத்திற்கே படிப்பை மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் முடிக்கும் பிள்ளைகளில் பலர் வேறு பள்ளிக்கு மாற வேண்டியவர்கள். பழைய பள்ளியின் பதிவேட்டில் பெயர் நீங்கிப் புதிய பள்ளியின் பதிவேட்டில் ஏறாதிருக்கும் அந்த இடைக்காலத்தில், ஒரு பிள்ளை நின்றுவிட்டால் தேடுவார் இல்லை. உங்கள் வகுப்பில் அத்தகையோர் யார் என்பது ஆசிரியரினும் உங்களுக்கு நன்கு தெரியும். அவர்கள் வீட்டிற்குச் செல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டாயா, எப்பள்ளியிற் சேர்கிறாய் என்று கேளுங்கள். எட்டாம் வகுப்பு வரையில், சான்றிதழ் வரத் தாழ்ந்தது என்பதைக் காரணமாகக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ நீட்டிக்கவோ 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இடங்கொடாது. ஆதலின் ஐந்தாம் வகுப்பு முடித்தவன் தாள் கைக்கு வரட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டா. ஒன்பதாம் வகுப்புக்குச் செல்வோர் மே திங்களிலேயே தலைமையாசிரியரைக் கண்டு சான்றிதழைப் பெற்றுக்கொள்வது நன்று. பாடநூலும் குறிப்பேடும் அரசுப் பள்ளியில் விலையின்றிக் கிடைக்கின்றன என்பதை அவன் பெற்றோரிடம் கூறுங்கள். அச்செலவுக்கு அஞ்சித் தயங்குவோரும் உளர். பள்ளி திறக்கும் நாளன்று காலையில் அவ்வீட்டு வழியாகவே செல்லுங்கள்.