முதலில் சோதனை நிலையம், பிறகு கட்டணம்

2011 பிப்ரவரி 17. திருவனந்தபுரம் கரிக்ககத்தில் மழலையர் பள்ளி வேன் ஒன்று பார்வதி புத்தனாற்றுக்குள் பாய்ந்தது. ஆறு குழந்தைகளும் அவர்களுடன் வந்த ஆயாவும் இறந்துபோனார்கள். கேரளத்தில் பள்ளி வாகனங்களைப் பற்றி யார் பேசினாலும் இன்றுவரை அந்தப் பெயரில்தான் தொடங்குகிறார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின. ஜூன் முதல் வாரம் பள்ளி திறப்பதற்கு முன்பாக, மே மாதத்தில் மோட்டார் வாகனத் துறை பள்ளி வாகனங்களை வரவழைத்துப் பார்க்கிறது. தேறிய வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறது. இது நல்ல வழக்கம். ஆனால் போதுமானதா?

2025 ஜனவரி 1 அன்று கண்ணூர் மாவட்டம் வளக்கையில் பள்ளிப் பேருந்து கவிழ்ந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். வண்டியின் தகுதிச் சான்று டிசம்பர் 29-ஆம் தேதியே முடிந்துவிட்டது என்றும், பள்ளி வாகனங்களுக்கு ஏப்ரல் வரை கெடுவைத் துறையே நீட்டிக் கொடுத்திருந்தது என்றும் அப்போது செய்திகள் வந்தன. பிரேக் பிடிக்கவில்லை என்றார் ஓட்டுநர். இயந்திரக் கோளாறு ஏதுமில்லை என்றது துறையின் முதற்கட்ட விசாரணை. இருவரில் யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையல்ல. கல்வியாண்டின் நடுவே வண்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்பதற்காக ஓர் அரசு தகுதிச் சான்றின் தேதியை நீட்டினால், அந்தச் சான்று எதற்குச் சான்று? தேய்ந்த பிரேக் லைனிங்குக்குக் கெடு நீட்டிப்பு உத்தரவு படிக்கத் தெரியாது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 56-வது பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் பதிவே இல்லாத வாகனத்துக்குச் சமம். பேருந்து, லாரி, டெம்போ, டாக்சி, ஆட்டோ எல்லாவற்றுக்கும் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் இந்தச் சான்றை, அதாவது எஃப்.சி., எடுக்க வேண்டும். சொந்தக் காருக்கும் பைக்குக்கும் 15 ஆண்டு முடிந்ததும் இந்த வேலை வருகிறது. சான்று இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் வெறும் அபராதத்தோடு போகாது. எஃப்.சி. இல்லாததை வெறும் தொழில்நுட்பக் குறையாகத் தள்ளிவிட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2018-ல் சொல்லிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டிக்காரரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒற்றை ஆட்டோவை வைத்துப் பிழைப்பவருக்கு அது குடும்பமே தெருவுக்கு வரும் தொகை.

இத்தனை கனமான பொறுப்பைக் குடிமகன் மேல் வைக்கிற அரசு, பதிலுக்கு அவனுக்கு என்ன தருகிறது?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொதுமக்களின் வண்டிகளைப் பதிவுசெய்யும் அலுவலகங்கள் எட்டு: தலைநகரிலும் ஆற்றிங்ஙலிலும் வட்டார அலுவலகங்கள், பாறசாலை, நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு, கழக்கூட்டம், காட்டாக்கடை, வர்க்கலை என்று துணை அலுவலகங்கள். இணையத்தில் பணம் கட்டி, நாள் வாங்கி, வண்டியைச் சோதனை மைதானத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்த வேண்டும். அன்றைய ஓட்டம் போச்சு. அதற்கு முந்தைய ஒரு வாரமாவது ஒர்க்‌ஷாப்பில் எஃப்.சி. வேலை: டிங்கரிங், பெயிண்ட், ஸ்டிக்கர், எழுத்து. இத்தனைக்கும் பிறகு இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்க்கிறார், விளக்கைப் போடச் சொல்கிறார், ஹாரன் அடிக்கச் சொல்கிறார், கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் போடச் சொல்கிறார். நம் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளரை ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் பழைய தலைமுறை அழைத்தது. அந்தப் பிரேக்கை அளக்க அவர் கையில் இருப்பது பெரும்பாலும் கண்ணும் காதும் அனுபவமும்தான். ஒரே நாளில் இத்தனை வண்டிகளைப் பார்க்கும் மனிதரைக் குறைசொல்வது நியாயமில்லை. கருவி கொடுக்காமல் கையெழுத்து மட்டும் கேட்பதுதான் குற்றம்.

கண்ணால் பார்த்துக் கொடுத்த சான்று எவ்வளவு தாங்கும் என்பதைத் தமிழ்நாடு 2012-ல் பார்த்தது. அந்த ஆண்டு ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே, ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து, அதே வண்டியின் சக்கரத்தில் சிக்கி மாண்டாள். அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. கொடுத்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது; பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் அந்த ஆண்டிலேயே வந்தன. பலகையில் ஓட்டை இருப்பது கண்ணுக்குத் தெரிகிற குறை. அதுவே தப்பிப் போகும் என்றால், கண்ணுக்குத் தெரியாத குறைகளின் கதி என்ன?

இயந்திரச் சோதனையின் அருமை இங்கேதான் தெரியும். வண்டியின் சக்கரங்களை இரண்டு உருளைகளின் மேல் நிறுத்துவார்கள். உருளை சுழலும்போது ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் கருவி தனித்தனியாக அளந்து காட்டும். இடது சக்கரம் இறுகப் பிடித்து வலது சக்கரம் தளர்ந்து பிடிக்கும் வண்டி, காய்ந்த மைதானத்தில் ஒழுங்காகவே நிற்பது போலத் தெரியும். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில், ஈரச் சாலையில், திருப்பத்தில் மிதிக்கும்போதுதான் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பள்ளி திறப்பதும் மழை பிடிப்பதும் கேரளத்தில் ஒரே வாரம். இன்னொரு தடத்தில் முன்சக்கரத்தின் அடியில் உள்ள தட்டை அசைத்து, பள்ளத்தில் நிற்பவர் கிங்பின், பால் ஜாயிண்ட் தேய்மானத்தைப் பார்க்கிறார். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா, வண்டி நேராக ஓடுகிறதா, புகை எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் எண் கிடைக்கிறது. எண்ணோடு பேரம் பேசுவது கடினம். 2025 ஜூலையில் ‘ஆபரேஷன் கிளீன் வீல்ஸ்’ என்ற பெயரில் கேரள விஜிலென்ஸ் மோட்டார் வாகன அலுவலகங்களில் சோதனை நடத்தி, ஏஜெண்டுகள் வழியாக லஞ்சம் கைமாறுவதாகச் சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மத்திய அரசு இதை அறியாமல் இல்லை. 2019-ல் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில், இப்படி இயந்திரங்களால் சோதிக்கும் தானியங்கி சோதனை நிலையங்களுக்கான விதிகளை வெளியிட்டது. கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அந்த நிலையங்களில் மட்டுமே சான்று என்றது. பிறகு அந்தத் தேதி 2024 அக்டோபர் 1-க்குத் தள்ளிப்போனது. நிலையமே இல்லாத இடத்தில் பழைய முறை தொடரும் என்பதும் விதியில் உண்டு. நிலையம் இல்லையென்றால் நல்ல சோதனையும் இல்லை என்று இதற்கு அர்த்தம். எனவே நிலையம் வராமல் தாமதிக்கும் மாநிலத்துக்கு எந்த நஷ்டமும் கிடையாது. நஷ்டமெல்லாம் சாலையில் போகிறவருக்கு.

தள்ளிப்போகாதது கட்டணம் ஒன்றுதான். 15 ஆண்டு தாண்டிய லாரி, பேருந்துக்குச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ஆனது. டாக்சிக்கு 1,000 என்பது 7,000 ஆனது. 2025 நவம்பரில் மறுபடியும் உயர்த்தி, 20 ஆண்டு தாண்டிய கனரக வாகனத்துக்கு 25,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். பழைய வண்டியைச் சாலையிலிருந்து விலக்குவதே நோக்கம் என்கிறார்கள். நோக்கம் சரி, வழி தவறு. வண்டி விலக வேண்டியது அது பழசு என்பதாலா, பழுது என்பதாலா? ஒழுங்காகப் பராமரித்த 16 ஆண்டு டெம்போவை விட, பராமரிப்பே இல்லாத ஐந்து ஆண்டு டெம்போ ஆபத்தானது. இந்த இரண்டையும் பிரித்துக்காட்டத்தான் சோதனை. அந்தச் சோதனையைச் சரியாக நடத்த வசதி செய்யாமல் கட்டணத்தை எட்டு மடங்கு, பத்து மடங்கு ஏற்றினால், பணமுள்ளவர் கட்டிவிட்டுப் பழுதான வண்டியை ஓட்டுவார்; இல்லாதவர் சான்றே இல்லாமல் ஓட்டுவார். இரண்டாலும் சாலைக்கு நன்மையில்லை.

தானியங்கி நிலையங்களை எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்றை நாம் முழுதாக ஏற்கிறோம். தனியாரிடம் விட்டால் வருமானத்துக்காக வேண்டுமென்றே வண்டிகளைத் தள்ளிவிடுவார்கள், அல்லது பணம் வாங்கிக்கொண்டு தேற்றிவிடுவார்கள் என்ற பயம் லாரி உரிமையாளர்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் இருக்கிறது. அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. நிலையம் நடத்துபவர் பழுது பார்க்கவோ உதிரிப் பாகம் விற்கவோ கூடாது என்று விதியே தடுக்கிறது. அந்தத் தடையை எழுத்தளவில் விட்டுவிடாமல் காக்க வேண்டும். ஆனால் எதிர்ப்பாளர்கள் இதிலிருந்து கண்பார்வைச் சோதனையே தொடரட்டும் என்ற முடிவுக்கு வருகிறார்கள். அதை ஏற்க முடியாது. நிலையத்தை மாநில அரசே நடத்த விதியில் இடமிருக்கிறது. பிரிட்டனில் 1960-லேயே அறிமுகமான எம்.ஓ.டி. வாகனச் சோதனையை இன்று அரசின் அனுமதி பெற்ற ஆயிரக்கணக்கான தனியார் கராஜ்கள் செய்கின்றன. முடிவுகள் அரசின் கணினியில் ஏறுகின்றன. எந்த வண்டி எதில் தேறவில்லை என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நடத்துவது யார் என்பதை விட, முடிவு எல்லோர் கண்ணிலும் படுகிறதா என்பது முக்கியம்.

இயந்திரம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. சோதனை நாளில் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, சான்று கிடைத்ததும் கழற்றுவது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், மாணவர்களைச் சுற்றுலா ஏற்றிச்சென்ற பேருந்து கே.எஸ்.ஆர்.டி.சி. அரசுப் பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். வேகம் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல். வேகக்கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. ஆண்டுக்கு ஒருநாள் சோதனை மீதி 364 நாளுக்குக் காவல் நிற்காது. சான்று கொடுத்த பிறகும் வண்டி தரம் இழந்தால் அதை ரத்துசெய்ய 56-வது பிரிவு அதிகாரம் தருகிறது. மைதானத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதிலேயே பொழுது கழியாத ஆய்வாளர் சாலைக்கு வந்து அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியும். இயந்திரத்தை நாம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023-ல் மட்டும் கேரளத்தில் 48,000-க்கும் மேற்பட்ட சாலை விபத்துகள், 4,000-க்கும் மேற்பட்ட மரணங்கள். அந்த ஆண்டு ஜூனில் அரசு 726 சாலைக் கேமராக்களை இயக்கத் தொடங்கியது. 2024 மே மாதம் ஓட்டுநர் தேர்வு முறையை மாற்றியது. திருவனந்தபுரம் முட்டத்தறை மைதானத்தில் டிரைவிங் பள்ளிக்காரர்கள் போராடித் தேர்வையே முடக்கியபோதும் லேசில் இறங்கி வரவில்லை. ஹெல்மெட் போடாதவரைப் பிடிக்கவும் ஓட்டத் தெரியாதவரைத் தடுக்கவும் காட்டிய பிடிவாதத்தை, பிரேக் இல்லாத வண்டியை நிறுத்துவதிலும் காட்டட்டும்.

நாம் கேட்பது அதிகமில்லை. தலைநகர் மாவட்டத்தில் வடக்கே ஆற்றிங்ஙல் பக்கம் ஒன்று, நகரில் ஒன்று, தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை பக்கம் ஒன்று என மாநில அரசே நடத்தும் மூன்று சோதனை நிலையங்கள் வேண்டும். தெற்கே ஒன்று என்பதை அழுத்திச் சொல்கிறோம். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் காய்கறியும் பூவும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் சாலைச் சந்தைக்கு வரும் டெம்போக்கள் அந்த வழியில்தான் ஓடுகின்றன. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநில நிலையத்தில் சோதிக்கலாம் என்று 2022-லேயே விதி வந்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து வண்டிக்காரர்களுக்கும் அது பயன்படும். இயந்திரம் வாங்குவதோடு நிற்காமல், அதன் ஆண்டுப் பராமரிப்புக்கும் பயிற்சி பெற்ற ஆட்களுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். உயர்த்திய கட்டணத்திலிருந்து வரும் தொகையை இதற்கே செலவிடலாம். நிலையம் திறக்கும் வரை உயர்ந்த கட்டணத்தை ஒற்றை வண்டி வைத்திருப்பவரிடம் வாங்கக் கூடாது என்று மாநிலம் மத்திய அரசிடம் வாதாட வேண்டும். முதல் தடத்தின் முதல் வரிசை பள்ளி வாகனங்களுக்கு. எந்தக் காரணத்துக்காகவும் அவற்றின் கெடுவை இனி ஒருநாளும் நீட்டக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஏறும் வண்டியின் எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் அதன் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை என்பது தெரிந்துவிடும். பள்ளி திறப்பதற்கு முன் பாருங்கள். தேதி முடிந்திருந்தால் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். சான்று வரும் வரை அந்த வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.